விழித்திரைக்கும் வயதாகிறது

தீபாவளி முடிந்த கையோடு தில்லித் தமிழர்கள் காலையில் கைபேசியைத் திறந்ததும் தேடுவது காற்றுத்தர எண்ணைத்தான். நகரமெங்கும் காற்றை அளக்கும் நிலையங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று ஆர்.கே.புரத்தில் இருக்கிறது. குளிர்காலச் செய்திகளில் ஆனந்த் விஹார், பஞ்சாபி பாக் ஆகியவற்றோடு சேர்ந்து அடிபடும் பெயர் அது. எண் 400-ஐத் தாண்டினால் ‘மிகக் கடுமை’ என்று அர்த்தம். 2024 நவம்பர் 18 அன்று நகரத்தின் 24 மணி நேரச் சராசரி 494-ஐத் தொட்டது. அளவுகோலே 500-இல் முடிந்துவிடுகிறது.

அந்த வாரங்களில் எல்லோரும் நுரையீரலைப் பற்றிப் பேசுவார்கள். கண்ணைப் பற்றிப் பேச்சு வந்தால் எரிச்சல், நீர் வடிதல், அதற்கொரு சொட்டு மருந்து என்பதோடு முடிந்துபோகும். கண்ணுக்குள்ளே, பின்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் விழித்திரையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. எரிச்சல் மழை பெய்தால் போய்விடும். விழித்திரையில் நடக்கும் சேதம் போகாது.

இதை ஆர்.கே.புரத்தில் வைத்துப் பேசக் காரணம் உண்டு. செக்டார் 7-இன் குன்றின்மேல் மலை மந்திர் என்று எல்லோரும் சொல்லும் உத்தர சுவாமிமலை இருக்கிறது. 1973-இல் குடமுழுக்கு கண்ட கோயில். செக்டார் 5-இல் தில்லித் தமிழ்ச் சங்கம், அதன் நூலகம், வளாகத்தில் திருவள்ளுவர் சிலை. கொஞ்சம் தள்ளித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி. டைப்பிங்கும் ஷார்ட்ஹேண்டும் ஹையர் பாஸ் செய்துவிட்டு, ஜி.டி. எக்ஸ்பிரஸ் ஏறி வந்து அமைச்சகங்களில் சேர்ந்த தலைமுறை, இந்த அரசுக் குவார்ட்டர்ஸ்களில்தான் குடும்பம் நடத்தியது. அவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. ஓய்வுபெற்றுத் துவாரகாவுக்கும் மயூர் விஹாருக்கும் போய்விட்டவர்கள்கூட கிருத்திகைக்கும் சஷ்டிக்கும் இங்கே வந்துவிடுகிறார்கள். தில்லியில் முதுமை அடைந்த தமிழர்களை ஒரே இடத்தில் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. விழித்திரைத் தேய்மானம் தேடி வரும் வயது அவர்களுடையதுதான்.

படி நெளிந்தது

78 வயது மாமி ஒருவர். மலை மந்திர் படிகளில் இறங்கும்போது அவருக்கு முதல் சந்தேகம் வந்தது. படியின் விளிம்பு நேராக இல்லை, நெளிந்து தெரிந்தது. வீட்டில் சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த மாதக் காலண்டரை வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். கட்டங்கள் நடுவில் உள்வாங்கி வளைந்திருந்தன. பதினைந்தாம் தேதி இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று. இரண்டு கண்ணையும் திறந்தால் எல்லாம் சரியாக இருந்தது. அதனால் மூன்று மாதம் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

தெற்குத் தில்லியின் ஒரு கண் மருத்துவமனையில் அவர் மகளோடு நானும் உட்கார்ந்திருந்தேன். “டாக்டர், புரை ஆபரேஷன் ரெண்டு கண்ணுலயும் ஆயிடுத்து. லென்ஸும் வெச்சாச்சு. இன்னும் என்ன?” என்று மாமி கேட்டார். கேள்வியில் நியாயம் இருக்கிறது. நம் வீடுகளில் வயதானவருக்குப் பார்வை மங்கினால் அது புரை, எடுத்தால் சரியாகிவிடும் என்றுதான் தெரியும். 2015 முதல் 2019 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பிலும் 50 வயதைத் தாண்டியவர்களின் பார்வையிழப்பில் 66 விழுக்காட்டுக்குப் புரையே காரணம் என்று தெரியவந்தது. மீதியைப் பற்றித்தான் நமக்குப் பழக்கமில்லை.

கண்பாப்பாவை விரிக்கும் சொட்டு விட்டு அரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். பிறகு ஓசிடி என்ற ஸ்கேன். முகவாயை ஒரு தாங்கியில் வைத்து, உள்ளே தெரியும் புள்ளியைப் பார்க்கச் சொல்வார்கள். ஊசி கிடையாது, வலி கிடையாது, சில நொடிகளில் முடிந்துவிடும். திரையில் விழித்திரையின் குறுக்குவெட்டு அடுக்கடுக்காக விரிந்தது. மாமியின் வலது கண்ணில் அடியடுக்கு வரிசை சின்னச் சின்ன மேடுகளாக எழும்பியிருந்தது. இடது கண்ணில் அந்த மேடுகளுக்கு நடுவே கருப்பாக ஒரு பை. அது கசிந்து தேங்கிய நீர் என்றார் மருத்துவர். பிறகு இரண்டு கேள்விகள் கேட்டார்.

“அப்பா அம்மா, கூடப் பொறந்தவா யாருக்காவது இப்படி இருந்ததா?”

“அம்மாவுக்குக் கடைசி காலத்துல எங்க முகம் தெரியாது. குரலை வெச்சுத்தான் யாருன்னு சொல்லுவா. வயசாச்சுன்னு விட்டுட்டோம்.”

“வீட்ல சிகரெட்?”

“அவர் பிடிப்பார். ரிட்டயர் ஆற வரைக்கும்.”

வயது, குடும்பம், புகை. மாமியின் கதையில் மூன்றும் இருந்தன. முதல் இரண்டையும் யாராலும் மாற்ற முடியாது. அதனால்தான் மூன்றாவதைப் பற்றி உரக்கப் பேச வேண்டியிருக்கிறது.

மாக்குலாவில் என்ன நடக்கிறது?

விழித்திரையின் நடுவில் சுமார் ஐந்தரை மில்லிமீட்டர் அகலத்தில் இருக்கும் பகுதிதான் மாக்குலா. எழுத்துக் கூட்டிப் படிப்பது, ஊசியில் நூல் கோப்பது, எதிரே வருபவர் யார் என்று அறிவது எல்லாம் இந்தச் சிறு வட்டத்தின் வேலை. சுற்றிலும் இருக்கும் விழித்திரை நடமாட உதவும், முகம் காட்டாது. மாக்குலா கெட்டவர் வீட்டுக்குள் தடுமாறாமல் நடப்பார். ஆனால் பேரனை அடையாளம் தெரியாமல் நிற்பார். “நல்லாத்தானே நடக்கிறார்” என்று குடும்பம் நினைத்துக்கொள்ளும்.

ஒளியை உணரும் செல்கள் ஒவ்வொரு நாளும் தங்கள் நுனியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை உதிர்க்கின்றன. உதிர்ந்ததை விழுங்கிச் செரிப்பது, அடியில் ஒற்றை வரிசையாக இருக்கும் நிறமிச் செல்கள். கல்யாணப் பந்தியில் எச்சில் இலை எடுப்பவர்கள் போல அவை ஓயாமல் சுத்தம் செய்தால்தான் அடுத்த பந்தி உட்கார முடியும். இந்தச் செல்கள் பெருகுவதில்லை. சிறு வயதிலேயே கிடைத்தவற்றை வைத்துக்கொண்டே எண்பது வரை ஓட்ட வேண்டும். வயதாக ஆகச் செரிக்காத மிச்சம் உள்ளே சேரும், அடியில் இருக்கும் சவ்வு தடிக்கும், ரத்தக் குழாய்களிலிருந்து வரும் ஊட்டம் குறையும். கழிவு மேடிட்டு மஞ்சள் திட்டுகளாகத் தெரியும். மருத்துவர்கள் அதை ட்ரூசன் என்கிறார்கள். மாமியின் வலது கண்ணில் பார்த்த மேடுகள் அவைதான்.

திட்டுகள் சிலருக்கு அப்படியே நின்றுவிடும். சிலருக்குச் செல்கள் மெதுவாக மடிந்து நடுப்பார்வை தேயும். இது உலர் வகை. பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு இதுதான். மற்றவர்களுக்கு ஊட்டம் போதாமல் புதிய ரத்தக் குழாய்கள் அடியிலிருந்து முளைத்துக் கசியத் தொடங்கும். இது ஈர வகை. எண்ணிக்கையில் குறைவு, ஆனால் பார்வையைச் சில வாரங்களில் பறித்துவிடும்.

உலகம் முழுவதும் 2020-இல் சுமார் 19 கோடியே 60 லட்சம் பேருக்கு இந்த நோய் இருக்கும் என்றும், 2040-இல் அது 28 கோடியே 80 லட்சமாகும் என்றும் ஒரு மதிப்பீடு உண்டு. இது வெள்ளைக்காரர்களின் நோய் என்ற எண்ணம் நம் மருத்துவர்களிடமே வெகுகாலம் இருந்தது. சென்னையிலும் சுற்றுவட்டக் கிராமங்களிலும் 60 வயது கடந்தவர்களைச் சங்கர நேத்ராலயா பரிசோதித்து 2016-இல் முடிவை வெளியிட்டது. ஆரம்பநிலை மாற்றம் கிராமத்தில் நூற்றுக்கு 21 பேரிடமும் நகரத்தில் 16 பேரிடமும் இருந்தது. முற்றிய நிலை இரண்டு இடத்திலும் நூற்றுக்கு இரண்டுக்குச் சற்று மேல். தில்லி எய்ம்ஸின் ராஜேந்திர பிரசாத் கண் மையமும் அரவிந்த் கண் மருத்துவமனையும் லண்டன் ஆய்வாளர்களோடு சேர்ந்து வடக்கிலும் தெற்கிலும் நடத்திய ‘இண்டய்’ ஆய்விலும் முற்றிய நிலை நூற்றுக்கு ஒருவருக்கு மேல் இருந்தது. மேலைநாட்டு எண்களிலிருந்து இவை பெரிதாக விலகவில்லை.

அம்மாவுக்கு இருந்தால்

ஹாலந்தின் ராட்டர்டாம் நகரத்தில் 1998-இல் ஒரு குடும்ப ஆய்வு நடந்தது. முற்றிய நோய் உள்ளவரின் உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வாழ்நாளில் அது வர வாய்ப்பு 50 விழுக்காடு. நோயில்லாதவரின் உறவினருக்கு 12 விழுக்காடு. மாமியின் தாய் குரல் வைத்துப் பிள்ளைகளைக் கண்டுபிடித்தபோதே இந்தக் குடும்பத்துக்கு எச்சரிக்கை வந்துவிட்டது. படிக்கத்தான் யாருக்கும் தெரியவில்லை.

2005-இல் யேல் பல்கலைக்கழகத்தின் ஜோசஃபின் ஹோ குழு 96 நோயாளிகளையும் நோயில்லாத 50 பேரையும் மட்டும் ஒப்பிட்டு முதல் பெரிய மரபணுத் தொடர்பைப் பிடித்தது. வேறு குழுக்களும் அதே ஆண்டு அதே இடத்தையே சுட்டிக்காட்டின. உடலின் எதிர்ப்புச் சக்தி எல்லை மீறாமல் கடிவாளம் போடும் ஒரு புரதத்தில் ஓர் எழுத்துப் பிழை. அது உள்ளவருக்கு விழித்திரையின் அடியில் அழற்சி அடங்காமல் புகைந்துகொண்டே இருக்கும். அடுத்த ஆண்டே ஹைதராபாத் எல்.வி.பிரசாத் கண் மருத்துவ நிலையம் இந்திய நோயாளிகளிடமும் அதே பிழையை உறுதி செய்தது.

மரபணுப் பரிசோதனைக்கு ஓட வேண்டியதில்லை. எந்த மரபணு இருந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றேதான். ஆனால் பெற்றோருக்கோ கூடப்பிறந்தவருக்கோ இந்த நோய் இருந்தால் ஐம்பது வயதிலிருந்தே பாப்பா விரித்துப் பார்க்கும் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. நம் குடும்பங்களில் சர்க்கரை யாருக்கு, மாரடைப்பு யாருக்கு என்று விரல்விட்டுச் சொல்வோம். பாட்டிக்குக் கண் ஏன் போனது என்று கேட்டால் பதில் இருக்காது.

புகை

மாற்றக்கூடிய காரணங்களில் புகையிலைக்கு நிகராக இன்னொன்று இல்லை. அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா என்று எங்கே ஆராய்ந்தாலும் புகைப்பவருக்கு ஆபத்து இரண்டு முதல் நான்கு மடங்கு. ஆந்திரத்தில் எல்.வி.பிரசாத் நிலையம் நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வில், நிறையச் சுருட்டு பிடித்தவர்களுக்கு மூன்று மடங்குக்கு மேல். புகை ரத்தத்தின் ஆக்ஸிஜனைக் குறைக்கிறது. குழாய்களைச் சுருக்குகிறது. விழித்திரையைக் காக்கும் ஆன்டி ஆக்ஸிடன்ட் சத்துகளைத் தின்றுவிடுகிறது. ஏற்கெனவே கழிவோடு மல்லுக்கட்டும் செல்கள் மேல் இது இன்னொரு சுமை.

மாமி ஒரு சிகரெட்டையும் தொட்டதில்லை. இங்கிலாந்தில் 2006-இல் வெளியான ஓர் ஆய்வு அவரைப் போன்றவர்களைப் பற்றியும் பேசுகிறது. புகைப்பவரோடு ஐந்தாண்டுகளுக்கு மேல் ஒரே வீட்டில் வாழ்ந்த, தாம் புகைக்காதவர்களுக்கும் ஆபத்து ஏறக்குறைய இரு மடங்கு. இரண்டு அறைக் குவார்ட்டர்ஸ். ஜனவரிக் குளிரில் ஜன்னல்களைச் சாத்தியிருப்பார்கள். முன்னறையில் ரேடியோவில் செய்தி கேட்டபடி கணவர் புகை விடுவார், பின்னறையில் மனைவி குழந்தைகளைத் தூங்க வைப்பார். எத்தனையோ ஆயிரம் வீடுகளில் முப்பது ஆண்டுகள் இப்படித்தான் போயின. அந்தப் பெண்கள் யாரும் தங்கள் பெயருக்கு எதிரே ‘புகைத்தவர்’ என்று எழுதிக்கொள்ள மாட்டார்கள். அவர்களின் விழித்திரை அதை எழுதி வைத்திருக்கலாம்.

அதே ஆய்வு நல்ல செய்தியும் சொன்னது. விட்டு இருபது ஆண்டுகள் கழிந்தால் புகைத்தவரின் ஆபத்து புகைக்காதவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஐம்பதில் நிறுத்தியவர் எழுபதில் பலன் பார்ப்பார். 2016-17-இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வயதுவந்தவர்களில் 28.6 விழுக்காட்டினர் ஏதாவது ஒரு வடிவில் புகையிலையைத் தொடுகிறார்கள். இத்தனை பேரில் எத்தனை பேருக்குக் கண்ணும் போகும் என்று தெரியும்? ஆஸ்திரேலியா 2006-லேயே ‘புகைத்தல் பார்வையைப் பறிக்கும்’ என்ற வாசகத்தையும் கண்ணின் படத்தையும் சிகரெட் பெட்டிமேல் அச்சடித்தது. நம் பெட்டிகளில் பெரிதாகப் போடும் படம் புற்றுநோயைத்தான் காட்டுகிறது. புற்றுநோய் தனக்கு வராது என்று நினைக்கும் மனிதர்கூட பேத்தியின் முகம் தெரியாமல் போகும் என்றால் நின்று யோசிப்பார். இந்தப் படம் நம் பெட்டிகளிலும் வர வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இனி ஊர்க் காற்று. இதில் சான்றுகள் புதியவை, கவனமாகப் பேச வேண்டியவை. தைவானில் 2019-இல் சுமார் 40,000 பேரின் மருத்துவப் பதிவுகளைக் காற்றின் அளவுகளோடு பொருத்திப் பார்த்தார்கள். வாகனப் புகையின் நைட்ரஜன் டை ஆக்ஸைடு மிக அதிகம் இருந்த பகுதிகளில் வாழ்ந்தவர்களுக்கு, மிகக் குறைவான பகுதியில் வாழ்ந்தவர்களைவிட இந்த நோய் ஏறக்குறைய இரு மடங்கு வந்திருந்தது. 2021-இல் பிரிட்டனில் 1,15,954 பேரை வைத்து நடந்த ஆய்வில், பி.எம். 2.5 நுண்துகள் கன மீட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் கூடினால் மாக்குலா நோய் இருப்பதாகச் சொன்னவர்கள் 8 விழுக்காடு கூடினார்கள்.

இவை தொடர்பைக் காட்டுகின்றன, காரணத்தை நிரூபிக்கவில்லை. பிரிட்டனின் எட்டு விழுக்காட்டைத் தில்லியின் துகள்களால் பெருக்கிப் பயமுறுத்துவதும் தவறு. ஆனால் அளவுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்த ஆண்டு வரம்பு 5 மைக்ரோகிராம். இந்தியச் சட்டம் அனுமதிப்பது 40. தில்லியின் ஆண்டுச் சராசரி அண்மைக் காலமாக நூறை ஒட்டியே நிற்கிறது. ஆர்.கே.புரத்தின் முதியவர்களை இருபது ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து இந்தக் கேள்விக்குப் பதில் தேட வேண்டியவர்கள் நாம்தான். சில கிலோமீட்டர் தொலைவில் எய்ம்ஸ் இருக்கிறது. காற்றளவு நிலையமும் பேட்டைக்குள்ளேயே இருக்கிறது.

கொய்யாவும் கீரையும்

இண்டய் ஆய்வின் இன்னொரு கண்டுபிடிப்புதான் என்னை அதிகம் உலுக்கியது. அறுபது வயது கடந்தவர்களின் ரத்தத்தில் வைட்டமின் சி அளந்தார்கள். வடக்கில் நூற்றுக்கு 74 பேருக்குப் பற்றாக்குறை, தெற்கில் 46 பேருக்கு. யாருக்கு அதிகம் என்று பார்த்தால் ஆண்கள், முதியவர்கள், மெலிந்தவர்கள், புகையிலை பயன்படுத்துபவர்கள், விறகும் வறட்டியும் எரிக்கும் வீட்டினர். மறுபடியும் புகை.

இந்த ஆய்வை நடத்திய லண்டன் பேராசிரியர் ஆஸ்ட்ரிட் ஃப்ளெச்சர் அதற்கு முன் ஐரோப்பாவில் 4,753 முதியவர்களை ஆராய்ந்திருந்தார். வெயிலின் நீல ஒளி எல்லோரையும் ஒரே மாதிரி பாதிக்கவில்லை. வைட்டமின் சி போன்ற சத்துகள் ரத்தத்தில் மிகக் குறைவாக இருந்தவர்களிடம்தான் வெயிலுக்கும் ஈர வகை நோய்க்கும் தொடர்பு தெரிந்தது. வெயில் பற்றிய மற்ற ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. ஆனாலும் மே மாத தில்லி வெயிலில் தொப்பியும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியும் போடுவதில் நஷ்டமில்லை.

1994-இல் ஜோஹன்னா செடன் அமெரிக்காவில் காட்டியது இன்னும் நிற்கிறது. கரோட்டினாய்டு சத்தை உணவில் மிக அதிகம் சேர்த்தவர்களுக்கு முற்றிய மாக்குலா நோய், மிகக் குறைவாகச் சேர்த்தவர்களைவிட 43 விழுக்காடு குறைவு. அதிலும் கரும்பச்சைக் கீரைகளின் பங்கு பெரிது. மாக்குலாவின் மஞ்சள் நிறமே லூட்டின், ஸியாக்சாந்தின் என்ற இரண்டு நிறமிகளால் ஆனது. உடல் இவற்றைத் தானே செய்துகொள்ளாது, சாப்பாட்டில்தான் வர வேண்டும். முருங்கைக்கீரை, பாலக், பச்சைப் பட்டாணி, மக்காச்சோளம், முட்டை மஞ்சள் கரு. தில்லிக் குளிர்காலம் இதில் தாராளமானது. டிசம்பரில் பாலக்கும் சர்சோனும் பதுவாவும் தள்ளுவண்டியில் மலைபோல் குவியும். இந்த நிறமிகள் எண்ணெயில் கரைபவை. கீரையை வெந்நீரில் மட்டும் வேகவைத்துச் சாப்பிடுவதைவிட இரண்டு ஸ்பூன் எண்ணெயில் தாளித்தால் உடம்பில் ஒட்டும். வைட்டமின் சி அதற்கு நேர் எதிர், அடுப்பில் அழியும். அதற்குப் பச்சையாக ஒரு கொய்யாவோ நெல்லிக்காயோ போதும்.

ரத்தக் கொதிப்பும் உடல் பருமனும் மாக்குலாவுக்கும் நல்லதல்ல. சர்க்கரை வேறொரு வழியில் வருகிறது. சங்கர நேத்ராலயாவின் ராஜீவ் ராமன் குழு பத்து மாநிலங்களிலும் ஒரு யூனியன் பிரதேசத்திலும் நடத்திய ஆய்வில், நாற்பது கடந்த சர்க்கரை நோயாளிகளில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் விழித்திரை பாதிப்பு இருந்தது. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

பயப்பட வேண்டாதவை

கைபேசியின் நீல ஒளி மாக்குலாவைக் கெடுக்கிறது என்பதற்கு மனிதர்களிடம் சான்று இல்லை. ‘ப்ளூ கட்’ கண்ணாடிகள் விழித்திரையைக் காக்கின்றன என்பதும் நிரூபணமாகவில்லை. 2023-இல் வந்த காக்ரேன் மதிப்பாய்வு 17 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, கண் களைப்பைக்கூட அவை குறைப்பதாகத் தெரியவில்லை என்றது. அந்தக் காசைப் பரிசோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

புரை அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கு இந்த நோய் அதிகம் என்று ஆந்திர ஆய்வு உள்ளிட்ட சிலவற்றில் வந்தது. நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த பின்னாளைய அமெரிக்க ஆய்வில் அந்தக் குற்றச்சாட்டு நிற்கவில்லை. புரை முற்றியிருந்தால் எடுத்துவிடுவதே சரி. ஆனால் எடுப்பதற்கு முன்னும் பின்னும் விழித்திரையைப் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

மருந்துக் கடையில் ‘கண்ணுக்கு விட்டமின்’ என்று கேட்டு வாங்கும் மாத்திரைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்க தேசியக் கண் நிறுவனத்தின் 2001 ஆய்வில் வைட்டமின் சி, ஈ, துத்தநாகம், தாமிரம், பீட்டா கரோட்டின் கலவை, நோய் முற்றும் ஆபத்தைச் சுமார் 25 விழுக்காடு குறைத்தது. யாருக்கு என்பதுதான் முக்கியம். நடுத்தர அளவில் திட்டுகள் உள்ளவர்களுக்கும் ஒரு கண்ணில் முற்றிவிட்டவர்களுக்கும் மட்டும். நோய் வராமல் தடுப்பதாக அது காட்டவில்லை. பீட்டா கரோட்டின் புகைப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டுவதால், 2013-இல் வந்த இரண்டாம் ஆய்வுக்குப் பின் அதன் இடத்தில் லூட்டினும் ஸியாக்சாந்தினும் வந்தன. நம் கடைகளில் எல்லா வகைக் கலவையும் விற்கின்றன. புகைத்தவர், புகைப்பவர் எல்லோரும் லேபிளில் பீட்டா கரோட்டின் இருக்கிறதா என்று படித்துப் பார்த்தே வாங்க வேண்டும்.

ஊசியும் நேரமும்

மாமியின் இடது கண்ணுக்கு ஊசி போட்டார்கள். கண்ணுக்குள் ஊசி என்றதும் அவர் மகளின் முகம் வெளுத்தது. சொட்டு விட்டு மரத்துப்போகச் செய்துவிடுவதால் ஓர் அழுத்தம்தான் தெரிந்தது என்று மாமி வெளியே வந்து சொன்னார். புதிய ரத்தக் குழாய்களை முளைக்க வைக்கும் புரதத்தை இந்த மருந்து தடுக்கிறது. ரானிபிஸுமாப் என்ற இந்த வகை மருந்தைப் பற்றி 2006-இல் வந்த ஆய்வில், மாதந்தோறும் ஊசி போட்டவர்களில் சுமார் 95 விழுக்காட்டினர் இருந்த பார்வையைப் பெரிதாக இழக்கவில்லை. மூன்றில் ஒருவருக்குப் பார்வை கணிசமாகக் கூடியது. அதற்கு முன் ஈர வகை என்றால் பெரும்பாலும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டிய நிலைதான். 2015-இல் இந்த மருந்துக்கு இணையான மருந்தை இந்திய நிறுவனமான இன்டாஸ் ‘ரஸுமாப்’ என்ற பெயரில் கொண்டுவந்தது. செலவு குறைந்தது, ஆனால் ஊசி ஒன்றிரண்டோடு முடிவதில்லை. முதல் மூன்று மாதம் மாதம் ஒன்று, பிறகு ஓசிடி சொல்வதைப் பொறுத்து. பாதியில் நிறுத்துகிறவர்கள்தான் பார்வையைத் திரும்பவும் இழக்கிறார்கள்.

மாமி காத்திருந்த அந்த மூன்று மாதத்தை யாராலும் திருப்பித் தர முடியாது. தழும்பான இடத்தில் மருந்து வேலை செய்யாது. அவருக்குக் கட்டங்களின் வளைவு குறைந்தது, நடுவில் இருந்த சாம்பல் திட்டு தங்கிவிட்டது. ஒரு கண்ணில் வந்தவருக்கு இன்னொரு கண்ணிலும் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் வலது கண்ணை அவரே தினமும் சோதித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். ஸ்விட்சர்லாந்தின் மார்க் ஆம்ஸ்லர் 1940-களில் இதற்கென்றே ஒரு கட்டத்தாளை உருவாக்கினார். படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு கையால் ஒரு கண்ணை முழுதாக மூடி, நடுப்புள்ளியை மட்டும் பார்க்க வேண்டும். கோடு வளைந்தாலோ மறைந்தாலோ, அந்த வாரமே மருத்துவரிடம் போய்விட வேண்டும். இரண்டு கண்ணையும் திறந்து வைத்துப் பார்த்தால் நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மறைத்துவிடும்.

மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பரில் உயிர்ச் சான்றிதழ் கொடுக்க வங்கிக்குப் போகிறார்கள், எண்பது கடந்தவர்கள் அக்டோபரிலேயே. ஆர்.கே.புரத்தில் அவர்களுக்கான சிஜிஎச்எஸ் மருந்தகங்கள் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன, அங்கிருந்து கண் மருத்துவருக்குச் சீட்டு வாங்க முடியும். அதே மாதத்தில் ஆண்டுக்கு ஒருமுறை பாப்பா விரித்து விழித்திரை பார்க்கும் வழக்கத்தைத் தமிழ்ச் சங்கமும் கோயில் நிர்வாகமும் ஓய்வூதியர் சங்கங்களும் சேர்ந்து தொடங்கலாம். முகாமில் புரையை மட்டும் டார்ச் அடித்துப் பார்த்து அனுப்பாமல், வருகிறவரிடம் மூன்று கேள்வி கேட்டு எழுதிக்கொண்டாலே போதும். குடும்பத்தில் யாருக்காவது கண் போனதா, நீங்களோ வீட்டில் வேறு யாரோ எத்தனை ஆண்டுகள் புகைத்தீர்கள், ஒற்றைக் கண்ணால் பார்த்தால் கோடு நேராக இருக்கிறதா. மாமியின் தம்பி ஸ்ரீரங்கத்தில் இருக்கிறார், வயது 71, இன்னும் தினம் மூன்று சிகரெட். அக்கா போனில் இந்த மூன்றையும் அவரிடம் கேட்டார். அடுத்த வாரம் திருச்சியில் அவருக்கு ஓசிடி எடுக்கிறார்கள்.